'அனைவரும் வருக' – ஒருவரும் வரவில்லை!

“அன்பார்ந்த பொதுமக்களே! தன்னலமற்ற தொண்டே தலைசிறந்த தவம்! நாளைய பாரதத்தின் இளந்தளிர்களுக்கு அறிவொளி ஏற்றும் அரும்பணியில் பங்கு கொள்ள அனைவரும் திரண்டு வருக! வருக!”

காஞ்சிபுரத்தின் தென்கோடியிலே, பாலாற்றங்கரையை ஒட்டியிருக்கும் செவிலிமேட்டில், ஒரு டீக்கடைச் சுவரில் இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. இதை எழுதிய மேதாவி யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் நான்தான். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவள் என்ற கர்வத்தோடு, ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதினேன்.

விஷயம் இதுதான். என் அத்தை வீடு அந்த ஊரில் இருக்கிறது. அந்தத் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் தினமும் மாலை 5 மணி முதல் 6 மணி வரை பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்து வந்தார். காசு பணம் கிடையாது. பதினாலு பிள்ளைகள். பெரும்பாலும் தறிக்காரர்கள் வீட்டுக் குழந்தைகள். அப்பாவும் அம்மாவும் விளக்கு வைக்கும் வரையில் தறியை விட்டு எழுந்திருக்க முடியாத வீடுகள்.

ஐப்பசி மழையில் டீச்சரம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை பிள்ளைகள் வழக்கம்போலப் புத்தகத்தோடு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்தார்கள். சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

“நீதான் பத்திரிகைக்காரி ஆச்சே, கண்ணு! நாலு பேர் வர்ற மாதிரி ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடேன்” என்றார் அத்தை. எழுதிக் கொடுத்தேன். ஒட்டினோம்.

பத்து நாளில் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒரே ஒருவர். அவரும் டீக்கடைக்காரர். “அம்மா, அந்தத் தாளைக் கிழிச்சுடலாங்களா? சினிமா போஸ்டர் ஒட்ட இடம் கேக்கறாங்க” என்று கேட்க வந்தார்!

எனக்கு வந்த கோபத்தில், “ஊரிலே யாருக்கும் தொண்டு மனப்பான்மையே இல்லை, அத்தை!” என்று பொரிந்து தள்ளினேன். அத்தை அவசரப்படவில்லை. நோட்டீஸை எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்தார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இதைப் படிச்சா யாரோ பெரிய மனுஷங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு. என்னைக் கூப்பிடற மாதிரி இல்லையே!”

சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆராயலானேன். மாதர் சங்கம், கோயில் உழவாரம், நூல் நிலையம், ரத்த தானம், பள்ளிக்கூடத் தோட்டம் என்று ஏதாவது ஒன்றுக்காக நம்மில் எல்லாருமே என்றைக்காவது ஆள் திரட்ட வேண்டியிருக்கிறது அல்லவா? நான் கற்றுக்கொண்டதை வாசகியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்யாண வீட்டுக் கத்தரிக்காய்

கல்யாண வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணின் தாயார் உள்ளேயிருந்து, “யாராவது வந்து காய் நறுக்குங்களேன்!” என்று குரல் கொடுக்கிறாள். யார் எழுந்திருக்கிறார்கள்? ஒவ்வொருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கிறாள். அதே தாயார் வாசற்படிக்கு வந்து, “கமலா, இந்த ஒரு கூடைக் கத்தரிக்காயை நீ பார்த்துக்கோ” என்று சொல்லட்டும். கமலா உடனே அரிவாள்மணையைத் தேடுகிறாள்!

இது நம் வீட்டு ரகசியம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1968ல் வெளியிட்ட ஒரு சோதனையின் முடிவும் இதேதான். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, இன்டர்காம் கருவி வழியாக ஒருவரோடொருவர் பேசச் செய்தார்கள். பேச்சின் நடுவே ஒரு குரல், வலிப்பு வந்து தவிப்பதுபோலத் திணறியது. (அது முன்னதாகவே பதிவு செய்து வைத்த குரல்.) ‘இதைக் கேட்பவர் நான் ஒருவன்தான்’ என்று எண்ணியவர்களில் 100க்கு 85 பேர், குரல் ஓயும் முன்பே உதவி தேடி எழுந்தார்கள். ‘என்னைத் தவிர இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ என்று எண்ணியவர்களில் 100க்கு 31 பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. கை நடுங்கத் தவித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். ‘வேறு யாராவது போயிருப்பார்கள்’ என்ற எண்ணம்தான் காலைக் கட்டிப் போட்டது.

‘அனைவரும் வருக’ என்ற என் அறிவிப்பு என்ன செய்தது என்று இப்போது விளங்குகிறதா? ஊரையே கூப்பிட்டேன்; ஒருவரையும் கூப்பிடவில்லை.

சாலைக் கிணற்றுக் குடம்

இந்தப் பாடத்தைப் படிக்க நான் அமெரிக்காவுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. செவிலிமேட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ராமாநுஜரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சாலைக் கிணறு அங்கேதான் உள்ளது.

ராமாநுஜர் இளம் வயதில், விந்திய மலைக் காட்டில் தன்னந்தனியாகத் தவித்தபோது, ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்களாம். வேடுவச்சி தாகத்துக்குத் தண்ணீர் கேட்க, அவர் கிணற்றிலிருந்து மொண்டுகொண்டு வந்து கொடுத்தாராம். அப்புறம் பார்த்தால் அவர்களைக் காணோம்; தாம் நிற்பது காஞ்சிபுரம் என்று தெரிந்ததாம்! வந்தவர்கள் வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாருமே என்பது ஐதிகம். ‘நான் இனி என்ன செய்ய வேண்டும்?’ என்று அவர் திருக்கச்சி நம்பியைக் கேட்டபோது, அந்தக் கிணற்றிலிருந்து தினம் ஒரு குடம் தீர்த்தம் கொண்டு வந்து பெருமாளுக்குச் சேர்க்கும்படி நம்பி சொன்னதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன.

பக்தி ஒரு புறம் இருக்கட்டும். அந்தக் கட்டளையின் அமைப்பைக் கவனியுங்கள். என்ன வேலை? தண்ணீர் கொண்டு வருவது. எவ்வளவு? ஒரு குடம். எப்போது? தினமும். எங்கிருந்து எங்கே? கிணற்றிலிருந்து கோயிலுக்கு. ‘தொண்டு செய்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், எங்கே ஆரம்பிப்பது என்று யாருக்கும் திகைப்பாகத்தான் இருந்திருக்கும். ஒரு குடம் என்றதும் தோளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பட்டியல் போட்ட டைரக்டர்

எழுதிக் கேட்கும் கலையில் கெட்டிக்காரர் ஒருவரையும் இந்தச் சீமையே தந்திருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912ல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு, காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் சென்னை ராஜ்யத்தின் கல்வி டைரக்டராக இருந்தார். அந்த நாளில் கிராமப் பள்ளிக்கூடங்களின் கோலம் கேட்பானேன்! கூரை இருந்தால் சுவர் இராது. சுவர் இருந்தால் கரும்பலகை இராது. சர்க்கார் கஜானாவும் அதற்கெல்லாம் போதாது.

அவர் காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஓர் எளிய உபாயம் கையாளப்பட்டது. ‘கல்விக்கு உதவுங்கள்’ என்று மேடையில் முழங்குவதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள். சுற்றுச்சுவர், கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், பூகோளப் படம், குடிதண்ணீர்ப் பானை என்று பெரியதும் சிறியதுமாக அதில் எல்லாம் இருக்கும். பட்டியலைப் பார்த்த ஊரார், தம் சக்திக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பணக்காரர் கட்டடத்தை ஏற்றுக்கொண்டார். நடுத்தரக் குடும்பத்தார் பெஞ்சியை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றும் இல்லாதவர் ஒரு நாள் உடலுழைப்பைத் தந்தார். அந்த மாநாடுகள் ஆரம்பமானது எங்கே தெரியுமா? 1958ல், காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், கடம்பத்தூரில்தான். அங்கே தொடங்கியது ராஜ்யம் முழுவதும் பரவியது.

1956ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் முதலில் ஊராரின் கொடையை நம்பியே நடந்தது. பிறகு 1957ல் சர்க்கார் கை கொடுத்தபோது, ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 நயா பைசா என்று கணக்கிட்டு, 6 காசு சர்க்கார், 4 காசு ஊரார் என்று பிரித்துச் சொன்னார்கள். ‘பசிப்பிணி போக்குவோம்’ என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ‘உங்கள் பங்கு 4 காசு’ என்றால் கை தானாக முடிச்சை அவிழ்க்கிறது!

ஒரு பிடி போதும்

சிறியதைக் கேட்க நாம் வெட்கப்படுகிறோம். அது தப்பு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், இல்லத்தரசிகளைத் தினமும் உலை வைக்கும்போது ஒரே ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். ஏழைகளுக்கு அன்னமிட அந்தப் ‘பிடி அரிசி’ பல ஊர்களில் சேர்ந்தது. ஒரு மூட்டை கேட்டிருந்தால் எத்தனை வீட்டுக் கதவு திறந்திருக்கும்? ஒரு பிடிக்கு ‘முடியாது’ என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

அமெரிக்காவில் புற்றுநோய் நிதிக்காக வீடு வீடாகப் போனவர்கள், சில வீடுகளில் ‘உதவுங்கள்’ என்று மட்டும் கேட்டார்கள். சில வீடுகளில், ‘ஒரு பென்னி கொடுத்தாலும் போதும்’ என்று கூடச் சேர்த்துச் சொன்னார்கள். முன்னதில் 100க்கு 29 பேர் கொடுத்தார்கள்; பின்னதில் 50 பேர்! கொடுத்தவர்கள் பென்னியோடு நின்றுவிடவும் இல்லை. மற்றவர்கள் கொடுத்த அளவே கொடுத்தார்கள். சால்டீனி, ஷ்ரோடர் என்ற இருவர் 1976ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. ‘என்னால் முடிந்தது ரொம்பக் கொஞ்சம்; அதைக் கொடுப்பது கௌரவமா?’ என்ற தயக்கத்தை அந்த ஒரு வார்த்தை தீர்த்து வைத்தது.

கெடுவும் தேதியும்

வீட்டுப் பெண்கள் பொதுக் காரியத்துக்கு வரத் தயங்குவதன் பெரிய காரணம், வேலைக்கு அஞ்சி அல்ல. அதற்கு முடிவே தெரியாததற்கு அஞ்சி. ‘ஒரு மணி நேரம்’ என்று கூட்டிப் போய் இருட்டும் வரை நிறுத்தி வைப்பார்கள். ‘இந்த வருஷம் மட்டும் நீங்கள் காரியதரிசியாக இருங்கள்’ என்பார்கள். பத்து வருஷம் ஆனாலும் விடமாட்டார்கள்!

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுக்கள் கோயில் சுவரில் இன்னும் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். இன்ன வயது, இன்ன தகுதி. வாரியம் செய்ய வேண்டியது 360 நாள். அதன் பிறகு உடனே மறுபடியும் வர முடியாது என்று கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த வாசல் அது. நம்மைப்போன்ற பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ‘எத்தனை பேர், எத்தனை நாள்’ என்று மறைக்காமல் எழுதிய நேர்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தேதி போடாத அறிவிப்பு உபத்திரவமாகவும் முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும், ‘இன்ன தெருவில் பாலில்லை, இன்ன வீட்டுக்குப் படகு வேண்டும்’ என்று கைபேசியில் வந்த செய்திகள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றின. யார் என்று தெரியாதவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். ஆனால் தேவை தீர்ந்த பிறகும் பழைய செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்தன. உணவுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் போய், ‘நேற்றே வந்துவிட்டதே!’ என்ற பதிலைக் கேட்டவர் அடுத்த முறை அவ்வளவு வேகமாக எழுந்திருப்பாரா? எழுதிய தேதியும் நேரமும் போட வேண்டும். ஆள் கிடைத்தவுடன் தாளைக் கிழிக்கவும் வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் போட்டு, ஐயோ பாவம் என்று கண்ணீர் வரவழைக்கும் அறிவிப்புக்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவில்தானே நடக்க வேண்டும்? அது வேண்டவே வேண்டாம்.

அத்தை சொல்ல நான் எழுதியது

இவ்வளவையும் யோசித்த பிறகு, கார்த்திகை முதல் தேதி, அத்தை சொல்லச் சொல்ல இரண்டாவது அறிவிப்பை எழுதினேன். அடித்துத் திருத்தியது அத்தை. அது இதோ:

“மாலை 5 மணிக்குப் படிக்க வரும் 14 பிள்ளைகளுக்கு மூன்று பேர் துணை வேண்டும்.

டீச்சரம்மா விழுந்து படுத்திருக்கிறார். அவர் எழுந்து வரும் வரை, அதாவது பொங்கல் வரைக்கும்தான்.

வேலை: பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தப்பாகப் படித்தால் திருத்த வேண்டும். அவ்வளவே.

நேரம்: ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள், 5 முதல் 6 வரை. 6 அடித்ததும் நீங்கள் புறப்படலாம்.

எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். பட்டம் வேண்டாம். உங்கள் குழந்தையையும் அழைத்து வரலாம்.

சம்பளம் இல்லை. டீ உண்டு. பிள்ளைகள் சத்தம் அதிகம், கொசுவும் உண்டு.

எல்லாம் தெருத் திண்ணையில், எல்லார் கண்ணெதிரில்தான். இரண்டாவது வீட்டு அம்மா எப்போதும் கூடவே இருப்பார்.

ஒரு நாள் வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் சொல்லிவிடலாம், வருத்தமில்லை. விவரத்துக்கு அந்த அம்மாவையே, காலை 10 மணிக்கு மேல் கேட்கவும்.”

“கொசுவையெல்லாம் எழுதணுமா, அத்தை? அதைப் பார்த்தே ஓடிவிடுவார்களே!” என்றேன்.

“கொசுவுக்குப் பயந்து ஓடறவங்க, எழுதலைன்னாலும் வந்து பார்த்துட்டு ஓடத்தான் போறாங்க. பொண்ணு பார்க்கிறப்போ மறைச்சது கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா சண்டைதான் வரும்” என்றார் அத்தை.

பிள்ளைகளோடு இருக்க வருகிறவர்கள் தனியாக இருக்கக்கூடாது, திறந்த இடத்தில் இன்னொரு பெரியவரும் உடனிருக்க வேண்டும் என்பதும் அத்தையின் ஏற்பாடுதான். அது குழந்தைகளுக்கும் பாதுகாப்பு; வருகிறவர்களுக்கும் கௌரவம்.

யார் வந்தார்கள்?

ஐந்து நாளில் நாலு பேர் வந்தார்கள். ஒருவர் முதல் நாளே சத்தம் தாங்காமல் கும்பிட்டு விடை பெற்றார். வருத்தமில்லை என்று எழுதியிருந்தோமே! மிஞ்சியவர்கள் மூவர். ஒரு கல்லூரி மாணவி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் (அவர் குரலுக்குப் பதினாலு பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள்!), மூன்றாவதாக, இரண்டு தெரு தள்ளி, கோர்வைச் சேலை நெய்யும் ஒரு பெண்மணி.

கோர்வை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக, இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்வது. அதற்கு ஓர் ஆள் போதாது. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தால்தான் சேலை ஏறும். ‘பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்’ என்றால் என்ன என்று அந்த அம்மாளுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை.

நான் சும்மா இராமல், “அந்தப் பக்கம் தினமும் போகிறீர்களே, டீக்கடைச் சுவரில் முதலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்க்கவில்லையா?” என்று அவரைக் கேட்டேன்.

“பார்த்தேங்க. தெனம் நின்னு படிச்சுட்டுத்தான் போவேன். அது படிச்சவங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டேங்க” என்றார்.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டு மனப்பான்மை இல்லாத ஊர் என்று நான் பழித்த பத்து நாளும், அந்த மனப்பான்மை டீக்கடை வாசலில் நின்று என் எழுத்தைப் படித்து, ‘இது நமக்கில்லை’ என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! அத்தனை நாளும் பிள்ளைகளுக்குத் திண்ணை காலியாகவே கிடந்தது.

பொங்கல் வந்தது. டீச்சரம்மா கையில் தடியோடு திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை மூவரையும் அழைத்து, வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு கரும்பும் கொடுத்து, “சொன்ன கெடு முடிஞ்சுது. பெரிய உபகாரம் பண்ணினீங்க” என்று விடை கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லிக் கேட்கலாமே என்று நான் ஜாடை காட்டினேன். அத்தை கண்டுகொள்ளவே இல்லை.

பண்டிகை கழிந்து முதல் நாள் மாலை 5 மணிக்கு, இரண்டு பேர் தாமாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்டக்டர். இன்னொருவர் அந்தக் கோர்வைக்கார அம்மாள். இந்த முறை அவர் தம்முடைய ஏழு வயது மகளையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

பிள்ளைகள் இப்போது பதினைந்து.